நின்றபடி உழைக்கும் டீசல் பிக்கப்புகளும் ஆக்சிலேட்டர் மேல் வைக்கும் கல்லும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நெல் மூட்டை, உரம், மீன், பூ, வாழைத்தார், பந்தல் சாமான் என்று எதை எடுத்துக்கொண்டாலும், டெல்டா மாவட்டங்களில் இன்று அதைச் சுமப்பவை பெரும்பாலும் சிறிய டீசல் பிக்கப் வண்டிகளே. இவற்றின் வேகத்தைப் பற்றியும் இவை ஏற்றும் அதிகப் பாரத்தைப் பற்றியும் பலரும் கவலைப்படுகிறார்கள். அது நியாயமான கவலைதான். ஆனால் இவ்வண்டிகள் ஓரிடத்தில் நின்றுகொண்டு, எஞ்சினை மட்டும் ஓடவிட்டுச் செய்யும் வேலையைப் பற்றியும், அந்த வேலைக்காக நம் ஓட்டுநர்கள் கையாளும் ஓர் ஆபத்தான பழக்கத்தைப் பற்றியும் பேச்சே எழுவதில்லை. அதைப் பற்றியே இக்கடிதம்.

நாகப்பட்டினம் துறைமுகத்திலிருந்து உள்ளூர்ச் சந்தைகளுக்கு மீன் கொண்டுவரும் சிறிய குளிர்சாதன வண்டிகளை எடுத்துக்கொள்வோம். பெரிய கண்டெய்னர் லாரிகளில் குளிரூட்டும் கருவிக்குத் தனி எஞ்சின் இருக்கும். சிறிய வண்டிகளிலோ பெரும்பாலும் வண்டியின் எஞ்சினிலிருந்தே பெல்ட் போட்டு கம்ப்ரஸரைச் சுழற்றுகிறார்கள். ஆகவே எஞ்சின் மெதுவாகச் சுழன்றால் குளிரும் குறைகிறது. சந்தையில் பெட்டிக் கதவைத் திறந்து திறந்து மூடும் அந்த நேரத்தில்தான் குளிர் மிகுதியாகத் தேவைப்படுகிறது. பேரூராட்சிகளில் குப்பை அள்ளும் டிப்பர் வண்டிகளில் பெட்டியைத் தூக்கும் ஹைட்ராலிக் பம்பும் எஞ்சினின் சுழற்சியை நம்பியே இருக்கிறது. ஒலிபெருக்கி கட்டிய விளம்பர வண்டி, மருத்துவ முகாமுக்கு வரும் வண்டி, கோயில் திருவிழாவில் இன்வெர்ட்டர் வைத்துச் சில விளக்குகளை எரிக்கும் வண்டி ஆகியவையும் இந்த வகையைச் சேர்ந்தவையே. 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் கரையைக் கடந்த பிறகு பல ஊர்கள் நீண்ட நாட்கள் மின்சாரமின்றிக் கிடந்தபோது, கைப்பேசிகளுக்குச் சார்ஜ் போட வண்டிகளின் பேட்டரியே துணையாக நின்றதை இப்பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இவ்வேலைகளுக்கு எஞ்சினின் சாதாரண ‘ஸ்லோ’ வேகம் போதுவதில்லை. ஆக்சிலேட்டரைத் தொடாதபோது இவ்வகை எஞ்சின்கள் நிமிடத்துக்கு ஏறத்தாழ 700 முதல் 850 சுற்றுகள்தான் சுழல்கின்றன. அந்த வேகத்தில், எஞ்சினின் சுழற்சியிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஆல்டர்னேட்டர் தருவது, அதன் மேல் குறித்திருக்கும் ஆம்பியரில் ஒரு பகுதி மட்டுமே. 12 வோல்ட் பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர் வழியாக 1000 வாட் எடுக்க வேண்டுமானால், இழப்பையும் சேர்த்து 90 ஆம்பியருக்கு மேல் தேவைப்படும். சிறிய பிக்கப்பின் ஆல்டர்னேட்டர் அதை ஸ்லோவில் ஒருபோதும் தராது. மீதியைப் பேட்டரிதான் தருகிறது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறதே, பேட்டரி எப்படி இறங்கும் என்று ஓட்டுநர் நம்பிக்கொண்டிருக்க, மறுநாள் காலையில் வண்டியைத் தள்ளித்தான் கிளப்ப வேண்டியிருக்கிறது.

இதற்கு நம்மவர்கள் கண்டுபிடித்த வழி, ஆக்சிலேட்டர் மேல் ஒரு கல்லை வைப்பது. கல் இல்லாவிட்டால் செங்கல். இல்லாவிட்டால் ஆக்சிலேட்டர் பெடலுக்கும் இருக்கைக்கும் இடையில் முட்டுக்கொடுத்த ஒரு கட்டை. பழைய வண்டியாக இருந்தால் எஞ்சின் பக்கத்து ஆக்சிலேட்டர் கம்பியை இழுத்துக் கட்டிய கயிறு. எஞ்சின் 1500 சுற்றுக்கு மேல் இரைந்துகொண்டிருக்க, ஓட்டுநர் இறங்கிப்போய்ப் பெட்டி இறக்கிக்கொண்டிருப்பதை எந்தச் சந்தையிலும் பார்க்கலாம். எங்கள் பகுதியில் உரம் இறக்கிக்கொண்டிருந்த ஒரு பிக்கப்பில், கட்டையை எடுக்க மறந்த ஓட்டுநர் கிளட்சை மிதித்து முதல் கியரைப் போட்டுக் கிளட்சை விட்டவுடன், வண்டி துள்ளிப் பாய்ந்து கடையின் முன் சுவரை இடித்து நின்றது. சுவருக்கும் வண்டிக்கும் இடையில் அந்நேரம் ஆள் யாரும் இல்லை என்பதற்கு நாம் செய்த புண்ணியத்தைத் தவிர வேறு காரணம் இல்லை. கல் உருண்டு பிரேக் மிதிக்கு அடியில் சிக்கிக்கொண்டால் என்ன ஆகும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை.

எஞ்சினை நின்ற இடத்தில் சற்று வேகமாக ஓடவிட வேண்டும் என்ற தேவை புதியதும் அன்று, தவறானதும் அன்று. டிராக்டரில் இதற்கென்றே கை ஆக்சிலேட்டர் இருக்கிறது. கருவிகளைச் சுழற்றும் பின்பக்கத் தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று சுழல வேண்டும் என்றால், நெம்புகோலை உரிய இடத்தில் வைத்துவிட்டு விவசாயி தன் வேலையைப் பார்க்கிறார். பாரம் கூடினாலும் குறைந்தாலும் டீசல் பம்பில் உள்ள கவர்னர் என்னும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி டீசலைக் கூட்டியும் குறைத்தும் வேகத்தைக் காக்கிறது. பழைய ஜீப்புகளிலும் டேஷ்போர்டில் இழுத்து நிறுத்தும் குமிழ் ஒன்று உண்டு. சாலையில் ஓடுவதற்காகவே செய்யப்பட்ட இன்றைய பிக்கப்புகளில் அது இல்லாமல் போனதால்தான் அந்த இடத்தைக் கல் பிடித்துக்கொண்டது.

மேலும், இன்றைய வண்டியில் ஆக்சிலேட்டர் மிதிக்கும் எஞ்சினுக்கும் இடையில் கம்பியே கிடையாது. மிதியில் உள்ள இரண்டு உணரிகள் தனித்தனியாக மின்னழுத்தக் குறிகளை அனுப்ப, எஞ்சினின் கணினி அவ்விரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, எவ்வளவு டீசலைத் தெளிப்பது என்று முடிவு செய்கிறது. அந்தக் கணினியைப் பொறுத்தவரை கல் என்பது ஓட்டுநரின் கால்தான். ஓட்டுநர் இறங்கிவிட்டார் என்பதோ, கை பிரேக் போடப்படவில்லை என்பதோ அதற்குத் தெரியாது; தெரிந்தாலும் மிதி அழுத்தப்பட்டிருக்கும்வரை அது கீழ்ப்படியவே செய்யும்.

இங்கேதான், நிற்கும் வண்டியின் எஞ்சினை ஸ்லோவைவிட வேகமாகச் சுழலவைக்கும் ‘ஹை ஐடில் கண்ட்ரோலர்’ என்று சொல்லப்படும் சாதனம் பயன்படுகிறது. அமெரிக்காவில் கனரக டீசல் பிக்கப்புகளுக்கு இது நெடுநாட்களாகவே கிடைத்துவருகிறது. ஃபோர்டு நிறுவனம் தன் சூப்பர் டியூட்டி வண்டிகளில் இந்த வசதிக்கான கட்டளையை எஞ்சின் கணினியிலேயே எழுதிவைத்து, அதற்கான ஒயர்களையும் விட்டுவைக்கிறது. ஸ்விட்சும் சிறு இணைப்புகளும் பொருத்தினால் போதும். கம்மின்ஸ் எஞ்சின் கொண்ட ராம் வண்டிகளிலும் இவ்வசதி உண்டு. தனியார் தயாரிப்பாளர்கள் விற்கும் சாதனங்கள், மிதியின் குறியைப் போன்ற ஒரு குறியை உருவாக்கியோ, கணினியுடன் நேரடியாகப் பேசியோ இதே வேலையைச் செய்கின்றன. ஸ்விட்சைப் போட்டால் எஞ்சின் ஏறக்குறைய 1000 முதல் 1500 சுற்று வரை, வேலைக்குத் தக்கபடி அமைத்த வேகத்தில் நிலையாக நிற்கும். சில சாதனங்கள் பேட்டரியின் அழுத்தம் குறைவதை அறிந்து தாமாகவே வேகத்தைக் கூட்டும்.

வேகத்தைக் கூட்டுவதைக் கல்லும் செய்யும். இச்சாதனத்தின் உண்மையான பெறுமதி, அது எப்போது வேலை செய்ய மறுக்கிறது என்பதில் இருக்கிறது. முறையாகச் செய்யப்பட்ட சாதனம், கை பிரேக் போட்டிருந்தால்தான், கியர் விடுபட்டிருந்தால்தான், வண்டியின் வேகம் பூஜ்யமாக இருந்தால்தான், கால் பிரேக் அழுத்தப்படாமல் இருந்தால்தான் எஞ்சினை வேகப்படுத்தும். இந்நிபந்தனைகளில் ஒன்று மீறப்பட்டாலும் எஞ்சினை உடனே ஸ்லோவுக்கு இறக்கிவிடும். ஓட்டுநர் ஏறி உட்கார்ந்து பிரேக்கில் கால் வைத்த மாத்திரத்தில் இரைச்சல் அடங்கிவிடுவதால், மறதிக்கு அங்கே இடமில்லை. நான் மேலே சொன்ன சுவர் இடிபட்டிருக்காது.

ஆனால் அமெரிக்காவில் இருக்கிறது என்பதற்காக எதையும் அப்படியே பெயர்த்துக்கொண்டுவந்து இங்கே நடுவது சரியன்று. அங்கே இச்சாதனம் பரவியதற்கு முதற்காரணம் குளிர். நீர் உறையும் நிலைக்கும் பல டிகிரி கீழே இருக்கும் காலையில் டீசல் எஞ்சின் ஸ்லோவில் ஓடிச் சூடாவதே இல்லை. எனவே வேகத்தைக் கூட்டுவதோடு, புகையின் வேகத்தால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் தள்ளும் டர்போவின் இதழ்களைச் சற்று மூடிப் புகையை எதிர்த்துத் தள்ள வைத்து, எஞ்சினுக்குச் செயற்கையாகப் பாரம் கொடுத்துச் சூடேற்றுகிறார்கள். மார்கழிப் பனியிலும் தஞ்சாவூரில் அந்த அவசியம் இல்லை. நம் வண்டிகளைக் கிளப்பியபின் ஒரு நிமிடம் விட்டு, மெல்ல ஓட்டிச் சென்றாலே எஞ்சின் சூடாகிவிடும். ‘காலையில் பத்து நிமிடம் ரேஸ் கொடுத்தால்தான் டீசல் வண்டிக்கு நல்லது’ என்று இன்றும் சில ஓட்டுநர்கள் சொல்கிறார்கள். அது எஞ்சினுக்கும் நல்லதன்று, பக்கத்து வீட்டுக்காரருக்கும் நல்லதன்று.

இரண்டாவது வேறுபாடு இன்னும் முக்கியமானது. அங்குள்ள பிக்கப்புகள் பெரும்பாலும் தானியங்கி கியர் கொண்டவை. கியரை ‘பார்க்’ நிலையில் வைத்தால் சக்கரத்துக்குச் செல்லும் தண்டே பூட்டிக்கொள்ளும். சாதனமும் அந்த நிலையை நம்பிச் செயல்படலாம். நம் பிக்கப்புகள் ஏறக்குறைய அனைத்தும் கையால் கியர் போடும் வண்டிகள். இங்கே ‘பார்க்’ என்ற நிலையே கிடையாது. நியூட்ரலை அறியும் ஸ்விட்ச், கிளட்ச் மிதியை அறியும் ஸ்விட்ச், கை பிரேக்கை அறியும் ஸ்விட்ச் ஆகிய மூன்றும் சாதனத்தோடு இணைக்கப்படாமல், மிதியின் ஒயரில் மட்டும் ஒட்டுப்போட்டுப் பொருத்தும் எந்த மலிவுச் சரக்கும், மின்சாரத்தில் இயங்கும் கல்தான். அது பழைய கல்லைவிட ஆபத்தானதும்கூட. கல்லாவது கண்ணுக்குத் தெரியும்.

டீசல் எஞ்சினை நிற்க வைத்து நீண்ட நேரம் ஓட்டுவதால் வரும் கேட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லை. அழுத்தப்பட்ட காற்றின் வெப்பத்தில்தான் எரிபொருள் பற்றிக்கொள்கிறது. ஸ்லோவில் உள்ளே போகும் காற்று மிகுதி, டீசலோ சொற்பம். ஆகவே சிலிண்டரின் வெப்பம் இறங்கிவிடுகிறது. முழுதாக எரியாத டீசல், அதைத் தெளிக்கும் நாசிலிலும் வால்வுகளிலும் கரியாகப் படிகிறது. ஒரு பகுதி சிலிண்டர் சுவரின் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி எஞ்சின் ஆயிலோடு கலக்கிறது. மீட்டரில் கிலோமீட்டர் ஏறாததால் ஆயில் மாற்றும் நாளும் தள்ளிப்போகிறது. ஒரு மணி நேரம் நின்று ஓடியதை ஏறத்தாழ 40 கிலோமீட்டர் ஓட்டமாகக் கணக்கிட்டு ஆயில் மாற்றும் வழக்கம் அமெரிக்காவில் உண்டு. நம் ஊர் மீன் வண்டிகளுக்கும் டிப்பர்களுக்கும் அந்தக் கணக்கே பொருந்தும். கிலோமீட்டரை மட்டும் பார்த்து ஆயில் மாற்றுகிறவர், எஞ்சினைப் பிரிக்கும் செலவைத் தள்ளிப்போடவில்லை, கூட்டிக்கொண்டிருக்கிறார்.

2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.6 என்னும் வாகனப் புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்குப் பிறகு விற்கப்படும் டீசல் பிக்கப்புகளில், சைலன்சருக்கு முன்னால் கரித்துகளைப் பிடித்துவைக்கும் வடிகட்டி இருக்கிறது. அவ்வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்துகொள்ளப் புகை நல்ல சூட்டோடு வர வேண்டும். அதற்கு வண்டி பாரத்தோடு சாலையில் ஓட வேண்டும். நாளெல்லாம் சந்தையில் நின்று ஓடும் வண்டியில் வடிகட்டி அடைத்துக்கொண்டு, டேஷ்போர்டில் விளக்கு எரியத் தொடங்குகிறது. அதைக் கவனிக்காமல் விட்டால் எஞ்சின் தன் வலிமையைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கும் அசையாதவர்கள் கடைசியில் வடிகட்டியையே மாற்ற நேரிடும். வேகத்தைக் கூட்டுவதால் மட்டும் இது தீர்ந்துவிடாது. பாரமில்லாத எஞ்சின் 1200 சுற்றில் ஓடினாலும் புகை போதிய சூடு பெறுவதில்லை. நாள் முழுக்க நின்ற வண்டியைத் தஞ்சை–நாகை நெடுஞ்சாலை போன்ற ஒன்றில் இருபது நிமிடம் ஒரே சீராக ஓட்டிவருவதே இதற்கான எளிய மருந்து.

இதே வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும்போது அதனுள் வெப்பம் 600 டிகிரியை எட்டுகிறது. அறுவடை முடிந்த வயலுக்குள் இறங்கி, காய்ந்த வைக்கோல் மேல் நின்றுகொண்டு வைக்கோல் கட்டு ஏற்றும் வண்டிகளை டெல்டாவில் எங்கும் பார்க்கிறோம். அங்கே எஞ்சினை வேகமாக ஓடவிட்டு நிறுத்துவதைப் போன்ற விபரீதம் வேறில்லை. எந்தச் சாதனம் பொருத்தியிருந்தாலும், வைக்கோல் மேல் நிற்கும்போது எஞ்சினை அணைத்தே வைக்க வேண்டும். இது வண்டியின் கையேட்டில் அச்சடித்திருக்கும் எச்சரிக்கையாக மட்டும் நின்றுவிடாமல், கட்டு ஏற்றும் கூலியாட்கள்வரை தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் வரிசையில் காத்திருக்கும் வண்டிகளின் கதை வேறு. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது என்று மூட்டைகளை நிறுத்திவைக்கும் நாட்களில் அந்த வரிசை சாலைவரை நீள்கிறது. அவ்வண்டிகளில் சுழல வேண்டிய பம்பும் இல்லை, காக்க வேண்டிய குளிரும் இல்லை. ஆனாலும் சிலவற்றில் ஏ.சி.க்காகவும் பாட்டுக்காகவும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஸ்லோவில் நிற்கும் பிக்கப் மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் டீசலைக் குடிக்கும். வேகத்தைக் கூட்டினால் அது மேலும் ஏறும். ஒவ்வொரு லிட்டரும் ஏறக்குறைய 2.7 கிலோ கரியமில வாயுவாக வெளியேறுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012ஆம் ஆண்டிலேயே டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதற்பிரிவில் சேர்த்துவிட்டது. 40 கிலோ மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு மூச்சிரைக்க அந்த வண்டிகளுக்கு இடையே நடக்கிற சுமைத் தொழிலாளிதான் அப்புகையை எல்லோரையும்விட ஆழமாக உள்ளிழுக்கிறார். இவ்வண்டிகளுக்குத் தேவை கண்ட்ரோலர் அன்று. சாவியைத் திருப்பி எஞ்சினை அணைப்பதே. பாரத்தோடு ஓடிவந்த வண்டியில் டர்போ ஆறுவதற்கு ஓரிரு நிமிடம் விட்டு அணைத்தால் போதும்.

சட்டம் இதில் மௌனமாக இல்லை. மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 126ஆம் பிரிவின்படி, பொது இடத்தில் நிற்கும் வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் உரிமம் பெற்ற ஒருவர் இருக்க வேண்டும். இல்லையேல் எஞ்சினை நிறுத்தி, பிரேக் போட்டு, அல்லது வேறு வகையில் வண்டி தற்செயலாக நகர முடியாதபடி செய்திருக்க வேண்டும். கல்லை வைத்துவிட்டுத் தேநீர்க் கடைக்குச் செல்பவரின் வண்டியில் இருக்கையிலும் ஆளில்லை, எஞ்சினும் நிற்கவில்லை. தலைக்கவசத்துக்கும் சீட் பெல்ட்டுக்கும் நிறுத்திச் சோதிக்கும் காவல்துறையினர், இரைந்துகொண்டு ஆளில்லாமல் நிற்கும் வண்டியைக் கடந்துபோவது வியப்பாக இருக்கிறது. அதே சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடை செய்கிறது. ஆகவே இச்சாதனத்தைப் பொருத்த விரும்பும் நேர்மையான உரிமையாளர்கூட, தகுதிச் சான்று புதுப்பிக்கப் போகும்போது மோட்டார் வாகன ஆய்வாளர் என்ன சொல்வாரோ என்று தயங்குகிறார். கல்லுக்கோ எந்தச் சான்றும் தேவையில்லை.

எனவே போக்குவரத்துத் துறையிடம் முன்வைக்கும் வேண்டுகோள் இது. குளிர்சாதனப் பெட்டி, ஹைட்ராலிக் டிப்பர் முதலிய, நின்றபடி எஞ்சினை நம்பி வேலை செய்யும் அமைப்புகளோடு பதிவு செய்யப்படும் சிறிய சரக்கு வண்டிகளில், நியூட்ரல், கிளட்ச், கை பிரேக் ஆகிய மூன்றோடும் இணைக்கப்பட்ட ஹை ஐடில் வசதி எஞ்சின் கணினியிலேயே அமைந்திருக்க வேண்டும் என்று தயாரிப்பாளர்களை வற்புறுத்த வேண்டும். எஞ்சின் கணினி ஏற்கெனவே வண்டியில் இருப்பதால், கூடுதலாக வேண்டியவை சில ஸ்விட்சுகளும் ஒயர்களும் உரிய கட்டளையும்தான். வண்டியின் விலையோடு ஒப்பிட்டால் அது பெரிய செலவாக இருக்க முடியாது. ஏற்கெனவே ஓடும் வண்டிகளுக்கு, எந்த வகைச் சாதனம் ஏற்கப்படும், யார் பொருத்தலாம் என்பதைத் தெளிவாக அறிவிக்க வேண்டும். பேரூராட்சிகளும் நகராட்சிகளும் குப்பை வண்டிகளுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரும்போது இந்த ஒரு வரியைச் சேர்த்தாலே, அரசாணைக்குக் காத்திராமல் நூற்றுக்கணக்கான வண்டிகளில் மாற்றம் வந்துவிடும்.

வண்டி உரிமையாளர்களுக்கும் ஒரு வார்த்தை. சாதனம் வரும்வரை, குளிர்பெட்டி வண்டியில் ஆள் ஒருவர் இருக்கையில் அமர்ந்து காலால் வேகத்தைப் பிடித்திருக்கட்டும். அதற்கு ஆள் இல்லையென்றால் பெட்டியில் கூடுதலாக ஐஸ் போட்டு எஞ்சினை அணைத்துவிடுங்கள். இன்வெர்ட்டர் தேவைப்படுபவர்கள் தனியாக ஒரு பேட்டரி வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுநரின் காலடியில் கல்லோ கட்டையோ கிடந்தால், அடுத்த முறை டீசல் அடிக்க நிற்கும்போது அதை எடுத்து வெளியே போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
டீசல் மெக்கானிக் பிரிவின் முன்னாள் பயிற்றுநர்,
நீடாமங்கலம், திருவாரூர் மாவட்டம்.